கிணற்றின் எல்லை எது?

அரபு மொழியில் 'ஹரீம்' என்றொரு சொல் உண்டு. 'ஹராம்' என்னும் சொல் பிறந்த அதே மூன்றெழுத்து வேரினின்று கிளைத்தது. பிறர் அத்துமீறலாகாத இடம் என்பது அதன் பொருள். வீட்டின் உட்பகுதிக்கு வழங்கிய இச்சொல்லைச் சட்ட நூலார் கிணற்றுக்கும் வழங்கினர். பாழ்நிலத்தில் ஒருவர் கிணறு வெட்டி நீர் கண்டால், அக்கிணற்றைச் சுற்றி இன்ன தொலைவுக்குள் வேறெவரும் தோண்டலாகாது என்று விலக்கப்பட்ட வட்டமே கிணற்றின் ஹரீம். ஒட்டகங்களுக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு நாற்பது முழம். ஒட்டகம் பூட்டி இறைக்கும் பாசனக் கிணற்றுக்கு அறுபது முழம் என்பது இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் கருத்து. ஊற்றுக்கு ஐந்நூறு முழம். ஹிதாயாவில் இப்பகுதியை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். ஒட்டகத்தைப் படத்தில் மட்டுமே கண்ட பிள்ளைகளுக்குக் கமலை மாட்டைச் சொல்லி விளக்குவோம். இப்போது கமலையையும் படத்தில்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

அந்த முழக்கணக்கு வெறும் பாடமாகவே இருந்தது, 2023ஆம் ஆண்டுக் கோடை வரையில்.

நாம் பணிபுரியும் மதரஸா கரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ளது. அவ்வாண்டு ஹவ்ளு வற்றியது. பிள்ளைகள் குடிக்கவும் நீர் போதவில்லை. ஆழ்துளை போடலாம் என்று முதலில் சொன்னவர் நாமே. திருச்செங்கோட்டு வண்டி வந்தது. ஓர் இரவும் மறுநாள் முற்பகலுமாக 620 அடி துளைத்தது. 170 அடியில் சிறிது ஈரம் காட்டிற்று. 410 அடியில் நீர் பீறிட்டது. மாணவர்கள் தக்பீர் முழங்கினர். நாமும் முழங்கினோம்.

மூன்று வாரம் ஆவதற்குள் வடகிழக்கே தோட்டம் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் வந்தார். எழுபதடிக் கிணறு, அவர் தந்தையார் வெட்டியது.

"ஏனுங்க அஜரத்து, எங்கிணத்துல ஊத்து நின்னு போச்சுங்க."

"பெரியவரே, எங்கள் துளைக்கும் உங்கள் கிணற்றுக்கும் நடுவே ஒரு பர்லாங்கு இருக்கிறதே" என்றோம்.

"தண்ணிக்கு பர்லாங்கு தெரியுமுங்களா?" என்று கேட்டுவிட்டு, நாம் கொடுத்த தேநீரையும் அருந்தாமற் சென்றுவிட்டார்.

ஒரு பர்லாங்கு என்பது நானூற்று நாற்பது முழம். அன்று மாலையே ஹிதாயாவைத் திறந்து முத்தவல்லிக்கு வாசித்துக் காட்டினோம். முதற் கிணற்றின் ஹரீமுக்கு அப்பால் இன்னொருவர் கிணறு வெட்டி, அதனால் முதற் கிணற்றின் நீர் போய்விட்டாலும் வெட்டியவர்மேல் பொறுப்பு ஏதுமில்லை. வெட்டியதில் அவர் வரம்பு மீறவில்லை என்பது அங்குள்ள தீர்ப்பு. நம் வட்டாரத்தார் ஹனஃபி மத்ஹபினர். ஹிதாயாவுக்குமேல் என்ன வேண்டும்? முத்தவல்லிக்கு மனம் ஆறியது. அன்றிரவு நாமும் நன்றாகவே உறங்கினோம். இக்கட்டுரை எழுத நேர்ந்தது அந்த உறக்கத்தினால்தான்.

ஹஜ்ஜுப் பெருநாள் விடுப்பில் நம் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். மதரஸாவில் நான்காண்டு ஓதிவிட்டுக் கல்லூரிக்குப் போய் நிலத்தியல் கற்றவர். செய்தியைக் கேட்டதும் அவர் வாதம் ஏதும் செய்யவில்லை. "மோட்டாரை இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள், உஸ்தாத்" என்றார். நிறுத்தினோம். குண்டு கட்டிய அளவு நாடாவை விட்டு மணிக்கொருமுறை அளந்தார். முதியவர் கிணற்றில் நீர் நான்கடி ஏறிற்று. மூன்றாம் நாள் மோட்டாரை ஓட்டினோம். மூன்று மணி நேரத்தில் அங்கே நீர் இறங்கத் தொடங்கிவிட்டது. வியப்பு அதுவன்று. முத்தவல்லியின் வீட்டுக் கிணறு நம் துளையிலிருந்து ஐம்பதடியில், அதாவது நாற்பது முழ வட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. அதில் ஒரு விரற்கடை நீரும் அசையவில்லை.

சட்டம் காவலிட்ட கிணற்றுக்குத் தீங்கில்லை. காவலுக்கு வெளியே இருந்த கிணறு வற்றியது. இஃது எங்ஙனம் என்பதை அவர் சொல்லக் கேட்டும், பின்னர் நூல்களிற் படித்தும் அறிந்தவரையில் கூறுகிறோம்.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் 73 பங்கு கடினப் பாறையின் மேல் அமைந்தது. ஆற்று மணலில் மணிக்கு மணி இடைவெளி உண்டு; நீர் வடியவிட்டால் அதன் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு நீராகவே வெளிவரும். கருங்கல்லுக்குள் அத்தகைய இடைவெளி இல்லை. மேலே மக்கிய பகுதியிலும், கீழே பாறையின் வெடிப்புகளிலுமே நீர் தங்குகிறது. நூற்றில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்கு. ஒரு கனமீட்டர்ப் பாறையிலிருந்து கிடைப்பது பத்து இருபது லிட்டர்தான். எனவே மணற்பாங்கில் பத்துநாள் இறைத்தாலும் புலப்படாத இறக்கம், பாறை நாட்டில் ஒருநாள் இறைப்பிலேயே நெடுந்தொலைவு பரவிவிடுகிறது.

பரவுவதும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லை. பாறை குளிர்ந்த காலத்திலும், நிலம் நெரிந்த காலத்திலும், மேற்சுமை அரித்துப்போய்ப் பாரம் குறைந்த காலத்திலும் உண்டான வெடிப்புகள் அவ்வவற்றுக்குரிய திசையிலேயே ஓடுகின்றன. நீர் அவற்றின் வழியே மட்டும் செல்லும். அவற்றுள்ளும் பெரும்பாலானவை பயனற்றவை. சில களிமண்ணாலும் சுண்ணத்தாலும் அடைபட்டவை, சில மற்றொரு வெடிப்பைத் தொடாமலே முடிந்துவிடுபவை, ஆழத்தில் உள்ளவை பாறையின் பளுவால் நெருக்குண்டு மூடியவை.

இங்கே ஒரு கணக்கு உண்டு. மதரஸாவிற் பாகப்பிரிவினைக் கணக்கே போட்டுப் பழகிய நமக்கு அது பெருவியப்பை அளித்தது. இரு வழவழப்பான பலகைகளுக்கு இடையே நீர் ஓடுவதுபோல் வெடிப்பில் நீர் ஓடுவதாகக் கொண்டால், ஓடும் நீரின் அளவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்றவாறு இருக்கும். இடைவெளி இரட்டித்தால் நீர் எட்டு மடங்கு. பத்து மடங்கானால் நீர் ஆயிரம் மடங்கு. விதர்ஸ்பூன் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் துணைவரும் 1980இல் கற்பிளவுகளை அழுத்திச் சோதித்து இதனை மெய்ப்பித்தனர். தலைமயிரின் தடிமனில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள ஆயிரம் கீறல்கள் தரும் நீரை, ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒற்றை வெடிப்பு தந்துவிடுகிறது. ஓர் ஊரின் நீர் முழுவதும் இரண்டு மூன்று வெடிப்புகளை நம்பியிருப்பது இதனால்தான். முதியவரின் கிணற்றடியில் திறந்திருந்த வெடிப்பு மெல்லச் சாய்ந்து தென்மேற்கே இறங்கி, ஒரு பர்லாங்கு கடந்து, நம் துளையை 170 அடியில் சந்தித்திருக்கிறது. நாம் 'சிறிது ஈரம்' என்று அலட்சியமாகக் கடந்தோமே, அதுதான் அவருடைய ஊற்றுக்கண்.

இன்னொன்றையும் மாணவர் காட்டினார். மோட்டார் நின்றிருந்த இரவில் நம்மை அழைத்துப்போய்த் துளையின் வாயில் காதை வைக்கச் சொன்னார். உள்ளே நீர் விழும் ஓசை கேட்டது. மேல்மண் சரியாதிருக்க நாற்பதடிக்குக் குழாய் இறக்கியிருந்தோம். அதன்கீழ் வெறும் பாறைத் துளை. 170 அடி வெடிப்பின் நீர், 410 அடி வெடிப்பை நோக்கித் துளை வழியே இரவும் பகலும் கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தியும் அவர் கிணறு நான்கடிக்குமேல் ஏறாததன் காரணம் அது. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்தனியே இருந்த இரு வெடிப்புகளை ஓர் இரவில் நாம் இணைத்துவிட்டோம். நாம் உறங்கும்போதும் அந்தத் துளை உறங்குவதில்லை.

ஐதராபாத்துக்குத் தெற்கே மகேசுவரம் என்னும் ஊரை அடுத்த நிலத்தை, 1999இல் தோன்றிய இந்திய பிரெஞ்சு நிலத்தடி நீர் ஆய்வு மையத்தார் துளைதுளையாக ஆராய்ந்தனர். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு; கருங்கல் நிலம். நீர் கடத்தும் வெடிப்புகள் மக்கிய பாறையின் அடிப்பகுதியிலேயே மிகுந்திருப்பதையும், ஆழம் செல்லச் செல்ல அவை அருகுவதையும் அவர்கள் கண்டனர். ஆயிரம் அடி போனால் அமுதசுரபி இருக்கிறது என்று துளைக்கிறவர்கள் இதைக் கருதிப் பார்ப்பது நல்லது.

அதே ஐதராபாத்தில் தாயிரத்துல் மஆரிஃப் அச்சகத்தார் 1940இல் ஒரு பழைய அரபு நூலை அச்சிட்டனர். அல்கரஜீ என்னும் கணித மேதை 1017ஐ ஒட்டி எழுதிய, மறைந்த நீரை வெளிக்கொணரும் கலை பற்றிய நூல் அது. மலையையும் பாறையையும் செடியையும் பார்த்து நீரின் இருப்பை அறிவது, நிலமட்டம் அளக்கும் கருவிகள் செய்வது, 'கனாத்' என்னும் சுரங்கக் கால்வாய் வெட்டுவது ஆகியவற்றோடு, கிணற்றின் ஹரீமையும் அவர் எடுத்துப் பேசுகிறார். இயற்கணிதத்தில் ஆழ்ந்த ஒருவர் சட்டப் பிரச்சினைக்கு ஏன் வந்தார்? நீரைத் தேடத் தெரிந்தவனுக்கு, எங்கே நிறுத்துவது என்றும் தெரிந்திருக்க வேண்டும் என அக்காலத்தார் கருதினர் போலும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் குராசானின் ஆளுநராயிருந்த அப்துல்லாஹ் இப்னு தாஹிரிடம் நீஷாப்பூர் மக்கள் கனாத்துத் தகராறுகளை ஓயாது கொண்டுவந்தனராம். ஹதீஸ் தொகுப்புகளிலும் ஃபிக்ஹு நூல்களிலும் இதற்குப் போதிய விடை கிட்டாமையால், குராசானின் உலமாக்களையும் இராக்கின் சிலரையும் கூட்டி, கனாத்துகளுக்கென்றே தனிச் சட்டநூல் எழுதச் செய்தார் என்று வரலாற்றாசிரியர் கர்தீஸீ குறிக்கிறார். கிதாபுல் குனிய் என்னும் அந்நூல் இரு நூற்றாண்டு கழித்துத் தம் காலத்திலும் வழக்கில் இருந்ததாக அவர் கூறுகிறார். நூலில் விடையில்லை என்று ஒப்புக்கொண்டு புதிதாய்க் கூடி ஆராய்ந்தவர்களை எண்ணும்போது, விடை கிடைத்துவிட்டது என்று ஹிதாயாவை மூடிய நம்மை நினைத்து நாணினோம்.

ஆங்கிலச் சட்டம் இதில் எப்பக்கம் நின்றது என்பதையும் பார்த்தோம். நம் நாட்டுச் சட்டம் அதன் வழியே வந்ததாயிற்றே. லங்காஷயரில் ஒருவரின் பஞ்சாலைக் கிணறு, மற்றொருவர் தம் நிலத்தில் நிலக்கரிக் குழி தோண்டியதால் வற்றியது. 1843இல் நீதிமன்றம் குழி தோண்டியவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆற்றின் போக்கு கண்ணுக்குத் தெரியும், அதற்கு நெறி வகுக்கலாம். மண்ணுக்குள் நீர் எவ்வழி செல்கிறது என்பதை யாரும் அறியார், அறியாத ஒன்றில் உரிமை எழாது என்பது அங்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1859இல் பிரபுக்கள் சபை இதனை உறுதி செய்தது. இந்தியாவில் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடி நீர் அனைத்தையும் தன் எல்லைக்குள் சேகரித்துக்கொள்வது நிலச் சொந்தக்காரரின் உரிமை என்று எழுதி வைத்தது.

வரையறுத்த கால்வாய்! முதியவரின் ஊற்றுக்கண்ணிலிருந்து நம் துளைக்கு வந்த வெடிப்புக்கு இருபுறமும் சுவர் உண்டு, சாய்வு உண்டு, போக்கு உண்டு. கால்வாய் என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஒன்றுதான் இல்லை: அது கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் கிராமத்தார் இதை எப்போதும் 'நீரோட்டம்' என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கும் வழக்கத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தச் சொல் பொய்யில்லை. சட்டம் அறியாத ஓட்டத்தை மொழி அறிந்திருந்தது.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து உயர் நீதிமன்றம் 1861இல் இதே 'மறைபொருள்' காரணத்தைச் சொல்லி நிலவுடைமையாளர் பக்கம் தீர்த்தது. 1984இல் அதே நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் நீர் மாறிவிடவில்லை. அதைப் பற்றிய அறிவு மாறியது.

இதுவே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி. அறியாமை ஒருவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்குமாயின், அது எதுவரை விடுவிக்கும்?

ஹிதாயாவின் தீர்ப்புக்கு உரைகாரர்கள் தரும் காரணம் ஆழமானது. பூமிக்கு அடியிலுள்ள நீர் எவருக்கும் உடைமையன்று. உடைமையல்லாததை இழந்தேன் என்று எவரும் வழக்காட முடியாது. 1869 தொடங்கி 1876 வரை உஸ்மானியர் தொகுத்த மஜல்லாவும், சொந்த நிலத்தில் வெட்டிய கிணற்றுக்கு ஹரீமே இல்லை, 'என் நீரை இழுக்கிறாய்' என்று அண்டை நிலத்தாரைத் தடுக்க இயலாது என்கிறது. ஆனால் அதே முதற்கூற்றிலிருந்து நேர் எதிரான முடிவுக்கும் போகலாம் அன்றோ? நீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் கூட்டாளிகள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்ததை அறியாதார் யார்? எவருக்கும் சொந்தமில்லை என்பதனால் வலியவன் எடுத்துக்கொள்ளலாம் என்பதும், எல்லாருக்கும் பங்குண்டு என்பதனால் எடுப்பவன் அளந்து எடுக்க வேண்டும் என்பதும், ஒரே வித்தினின்று முளைத்த இரு மரங்கள்.

பொறுப்பை அளக்க நம் நூலார் ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றனர். தீங்கை நேரே செய்தவன் அறியாமற் செய்தாலும் பொறுப்பாளி. தீங்குக்குக் காரணமாக மட்டும் அமைந்தவன், வரம்பு மீறியிருந்தாலன்றிப் பொறுப்பாளியல்லன். இதற்கு எடுத்துக்காட்டே கிணறுதான். பொதுவழியில் ஒருவன் குழி தோண்டி அதில் ஒருவர் விழுந்தால் தோண்டியவன் பொறுப்பு. தன் நிலத்தில் தோண்டியிருந்தால் பொறுப்பில்லை. நாம் எந்த வகை? துளை நம் நிலத்தில்தான். ஆனால் ஒரு குடத்து நீரை இருவர் மொள்ளும்போது, ஒருவர் மொண்டதால் மற்றவருக்கு இல்லாமற் போனால், அதைக் 'காரணம்' என்று தள்ளி வைக்க முடியுமா? குடம் பாறைக்குள் மறைந்திருப்பதால் மட்டும் அது இரண்டு குடமாகிவிடாது.

துளைத்த நாளில் நாம் அறியோம் என்பது மெய். அதற்காக நம்மை யாரும் பழிக்கலாகாது என்றே இன்றும் கருதுகிறோம். முதியவர் வந்து கேட்ட நாளில் நம் அறியாமை வேறு வகையினது ஆகிவிட்டது. இரண்டு நாள் மோட்டாரை நிறுத்தினால் தீர்ந்துபோகும் அறியாமை அது. அதைத் தீர்க்காமல் நூலைத் திறந்தோம். மூன்றாம் நாள் அளவு நாடா இறங்கியதைக் கண்ட பின்னரோ அறியாமை என்ற சொல்லுக்கே இடமில்லை. துளைத்தது ஒரு நாளைய செயல். உள்ளே நீர் விழுவது ஒவ்வொரு நாளும் புதிதாய் நிகழும் செயல். முதல் நாளில் வரம்பு மீறாதவன் நூறாவது நாளிலும் மீறாதவனே என்று எந்த உஸ்தாதும் நமக்குக் கற்பிக்கவில்லை. தீங்கு அகற்றப்பட வேண்டும் என்ற விதியையும், நாம் மேலே சுட்டிய அதே மஜல்லாதான் தன் முகப்பு விதிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். முந்தி வெட்டியவர் கிணற்றுக்கு ஒரு தீங்கும் நேரலாகாது என்றால், பிந்தி வந்தவர் எவரும் வெட்ட முடியாது. நீர் முழுவதும் பழைய நிலக்காரர்களின் பரம்பரைச் சொத்தாகிவிடும். நம் பிள்ளைகள் நூற்றிருபது பேரும் குடிக்க வேண்டும். முதியவரின் கிணற்றிலும் பக்கவாட்டில் மூன்று துளைகள் உண்டு. அவை போடப்பட்ட காலத்தில் ஊர்ப் பொதுக்கிணறு இறங்கியதாக அவரே பின்னொரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னார். "அப்ப யாரும் கேக்கலீங்க" என்றார். கேட்கப்படாமை குற்றமின்மை ஆகாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது, நமக்கும் தெரிந்திருந்தது. இருவரும் அதற்குமேல் பேசவில்லை.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்துகளைத் தாங்கிய முதவ்வனாவை வேறொரு காரியத்துக்காகப் புரட்டியபோது, இதே விவகாரம் கண்ணிற்பட்டது. கிணற்றுக்கு வரையறுத்த ஹரீம் எதுவும் தம்மிடம் இல்லை என்கிறார் அவர். சில கிணறுகள் இளகிய நிலத்தில் இருக்கும், சில கடின நிலத்தில், சில பாறையில். எனவே எல்லை என்பது கிணற்றுக்கு நேரும் தீங்கின் அளவைப் பொறுத்தது என்பது அவர் கருத்து. பாறைக்கு அவர் ஆண்ட சொல் 'ஸஃபா'. மக்காவில் ஹாஜிகள் ஏறி இறங்கும் குன்றின் பெயராக நாம் அறிந்த சொல். ஹிஜ்ரி 179இல் மதீனாவில் மறைந்த அப்பெரியாருக்கு மும்மடிக் கணக்குத் தெரியாது. ஆனால் பாறையில் முழக்கோல் செல்லாது என்பது தெரிந்திருந்தது. எரிமலைக் கற்காடு சூழ்ந்த ஊரில் வாழ்ந்தவர். கிணறு வெட்டுவோர் சொல்லக் கேட்டிருப்பார் என்று ஊகிக்கிறோம்.

மத்ஹபு மாறுவது பற்றி இங்கே பேச்சில்லை. அண்டை என்பதை நாம் இதுகாறும் சுவரை வைத்தும் தெருவை வைத்தும் அறிந்திருந்தோம். ஐம்பதடியில் இருப்பவர் நீரால் நமக்கு அன்னியர். ஒரு பர்லாங்குக்கு அப்பால், வேறு தெருவில், வேறு சமயத்தில், நம் மஹல்லாப் புத்தகத்தில் பெயரில்லாத ஒருவர் நம் அண்டை. அவரைப் பார்த்து நாம் சலாம் சொன்னதில்லை. ஆனால் அவர் வயலுக்குப் பாய வேண்டிய நீரில் ஓராண்டாக உளூச் செய்து தொழுதிருக்கிறோம்.

பரிகாரம் ஒன்று உண்டு என்றார் மாணவர். 170 அடி வெடிப்பைத் தாண்டி இருநூறு அடி வரைக்கும் குழாய் இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமெண்டுக் குழம்பு இட்டு அடைத்துவிட்டால், மேல்நீர் மேலேயே நின்றுவிடும். நமக்குக் கீழ்நீர் மட்டும் கிடைக்கும். அது எத்தனை ஆண்டு வரும் என்பது வேறு. செலவுப் பட்டியல் வாங்கி ஜமாஅத்தார் முன் வைத்தோம். ஷரீஅத்துப்படி பொறுப்பில்லை என்று நீங்களே வாசித்துக் காட்டினீர்களே அஜரத், இப்போது வக்ஃபுப் பணத்தை எந்த அடிப்படையில் செலவழிப்பது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வக்ஃபுப் பணத்தைத் தொடாமல் தனியே திரட்டுவதென்றால் தொடங்க வேண்டியவர் யார் என்பதில் ஐயமில்லை. நம் இரண்டு மாதச் சம்பளத்தை முத்தவல்லியிடம் கொடுத்திருக்கிறோம். அதைச் சேர்த்தும் பாதி குறைகிறது. அதுவரையில் மோட்டாரை லுஹருக்கு முன் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுகிறோம். சனிக்கிழமைதோறும் ஓர் ஓதும் பிள்ளை அளவு நாடாவுடன் முதியவர் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்து வந்து, கரும்பலகையின் மூலையில் அடிக்கணக்கை எழுதி வைக்கிறான்.